ஜெர்மனியில் ரேஸ் ஓட்டுநர் ஆவது எப்படி: கார்ட் கிளப், ஃபார்முலா 4, ஜிடி, ஒப்பந்தம்

2004-இல் ஜெர்மன் ஃபார்முலா பிஎம்டபிள்யூ தொடரில் நடந்த 20 பந்தயங்களில் 18-ஐ செபாஸ்டியன் ஃபெட்டல் வென்றார். 2002-இல் நிக்கோ ராஸ்பெர்க்கும் 2005-இல் நிக்கோ ஹுல்கன்பெர்க்கும் அதே தொடரின் சாம்பியன்கள். மூவரும் ஃபார்முலா 1-க்குப் போனார்கள். கார்ட் எனும் சிறு பந்தய வண்டி ஓட்டிய பையன் அடுத்த படியையும் சொந்த நாட்டிலேயே ஏற முடிந்த காலம் அது.

இன்று அந்தப் படி ஜெர்மனிக்குள் இல்லை. ஜெர்மன் வாகன ஓட்டுநர் சங்கமான ஏடிஏசி 2015-இல் தொடங்கிய ஃபார்முலா 4 (கார்ட்டுக்கு அடுத்த, ஒற்றை இருக்கைக் கார் தொடர்), போதிய கார்கள் சேராமல் 2022-ஓடு நின்றுவிட்டது. கடைசி சாம்பியன் இத்தாலியின் கிமி அன்டொனெல்லி. ஃபார்முலா 1 பந்தயமும் 2020-க்குப் பிறகு ஜெர்மன் மண்ணில் நடக்கவில்லை. ஆனால் ஜிடி4, ஜிடி மாஸ்டர்ஸ், போர்ஷே கரேரா கப், டிடிஎம் (நாட்டின் முதன்மை ஜிடி தொடர்), நூர்பர்க்ரிங் டிராக்கின் நெடும்பந்தயங்கள் என்று கூரை போட்ட கார்களுக்கான களம் இவ்வளவு அடர்த்தியாக வேறு எந்த நாட்டிலும் எளிதில் கிடைக்காது. எட்டு வயதுப் பிள்ளையை கார்ட்டில் உட்கார வைக்கும்போதே இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து வயதில் வரப்போகும் முடிவுக்கான காசைப் பன்னிரண்டு வயதிலேயே கரைத்துவிட்டு நிற்கும் குடும்பங்கள் அதிகம்.

முதலில் கிளப், பிறகுதான் கார்ட்

கார்ட் வாங்கிவிட்டு டிராக்கைத் தேடாதீர்கள். ஏடிஏசி-யின் உள்ளூர் கிளப்களில் இளையோர் கார்ட் ஸ்லாலம் நடக்கிறது. ஏழெட்டு வயதில் சேரலாம். வாகனங்கள் இல்லாத ஒரு பெரிய நிறுத்துமிடத்தில் கூம்புகளை வைத்துப் பாதை போடுவார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஓட்டுவார். கூம்பைத் தட்டினால் சில விநாடி தண்டம், கூம்பு வாசலையே தவறவிட்டால் அதைவிடப் பெரிய தண்டம். கார்ட்டும் கிளப்பினுடையதே. நான்கு ஸ்ட்ரோக் சிறிய இன்ஜின், அதிக வேகம் கிடையாது, செலவும் கையைக் கடிக்காது.

இதில் பிள்ளை கற்பது பார்வை. தாண்டிக்கொண்டிருக்கும் கூம்பைப் பார்க்கிறவர் அடுத்ததைத் தட்டுவார். இரண்டு கூம்பு முன்னால் பார்க்கிறவர் தட்டமாட்டார். பக்கத்தில் இன்னொரு கார்ட் இருக்கும்போது ஓட்டுவதை மட்டும் ஸ்லாலம் கற்றுத்தராது. அதனால் ஒரு பருவம், மிஞ்சினால் இரண்டு பருவம் போதும். அதன்பின் கெர்பென், வாக்கர்ஸ்டோர்ஃப், ஆம்ஃபிங் போன்ற உண்மையான கார்ட் டிராக்குக்குப் போக வேண்டும். மிக்கேல், ரால்ஃப் ஷூமாக்கர் சகோதரர்களின் தந்தை பராமரித்துவந்த டிராக் கெர்பெனில்தான் இருந்தது.

லைசென்ஸ் தருவது ஃபிராங்க்ஃபர்ட்டில் உள்ள டிஎம்எஸ்பி, அதாவது ஜெர்மன் மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு. லைசென்ஸ் ஆண்டுக்கணக்கில் வழங்கப்படுகிறது. மருத்துவச் சான்றும், பிள்ளை 18-க்குக் கீழே என்றால் பெற்றோரின் கையெழுத்தும் தேவை. பெற்றோர் பிரிந்து வாழ்ந்தாலும் பொறுப்பு இருவருக்கும் இருந்தால் இருவருமே போட வேண்டும். மார்ச் மாதத்தில் பல விண்ணப்பங்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். டிசம்பரிலேயே வேலையை முடித்துவிடுங்கள். வெளிநாட்டுத் தொடருக்குப் போகும்போது சர்வதேச லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டும்.

பாதுகாப்பு உடையில் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. கார்ட் உடை உராய்வைத் தாங்கச் செய்யப்பட்டது. அதில் பார்க்க வேண்டிய முத்திரை எஃப்ஐஏ (உலக மோட்டார் விளையாட்டு அமைப்பு) 8877-2022. விலா எலும்புக் கவசத்துக்கு 8870-2018. 15 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு எடை குறைந்த சிஎம்ஆர் வகை ஹெல்மெட் இருக்கிறது. பெரியவர்களின் ஹெல்மெட் இளம் கழுத்துக்குப் பாரம். காருக்குப் போகும்போது இவற்றில் எதுவும் உதவாது. தீத்தடுப்பு உடை 8856-2018, ஹெல்மெட் 8859-2015 அல்லது 8860-2018, கழுத்துத் தாங்கி 8858 என்று எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். "வளர்ந்துவிடுவான்" என்று ஹெல்மெட்டை ஒரு அளவு பெரிதாக வாங்குவது மட்டும் வேண்டாம். கன்னத்தை அழுத்தாத ஹெல்மெட் மோதலில் சுழலும்.

கார்ட் ஆண்டுகள்

எட்டு வயதிலிருந்து சுமார் பன்னிரண்டு வரை 60 சிசி மினி வகுப்பு. பிறகு 125 சிசி இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின்களில் இரண்டு உலகங்கள். ஒன்று ரோட்டாக்ஸ்: முத்திரையிட்ட இன்ஜின், மின் ஸ்டார்ட்டர், கிளட்ச். ஜூனியருக்குச் சுமார் 23 குதிரைத்திறன், சீனியருக்கு 34. இன்னொன்று எஃப்ஐஏ-வின் ஓகே ஜூனியர், ஓகே வகுப்புகள்: கிளட்ச் கிடையாது, இன்ஜின் நேராக அச்சோடு பிணைந்திருக்கும், ஓகே வகுப்பில் 16,000 ஆர்பிஎம் வரை சுழலும். 15 வயதுக்குப் பிறகு ஆறு கியரும் முன் சக்கர பிரேக்கும் கொண்ட கேஇசட்2 வருகிறது.

முதல் இரண்டு ஆண்டுக்கு ரோட்டாக்ஸ் போதும். இன்ஜின் அடிக்கடி பிரிக்கப்படுவதில்லை. மறுசீரமைப்புக்கு இடையே 50 மணி நேரம் வரை ஓடும். ஓகே இன்ஜினில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பிஸ்டன் மாறும். பிள்ளை ஏடிஏசி கார்ட் மாஸ்டர்ஸிலோ ரோட்டாக்ஸ் மேக்ஸ் சேலஞ்சிலோ தொடர்ந்து முதல் ஐந்துக்குள் வந்த பிறகு ஓகே ஜூனியருக்கும் டிகேஎம் எனும் தேசிய சாம்பியன்ஷிப்புக்கும் போங்கள். அதற்கு முன்பே இத்தாலியின் பெரிய பந்தயங்களுக்கு ஓடி 60-ஆம் இடத்தில் முடிப்பதில் படிப்பினை கொஞ்சம், பில் நிறைய.

கார்ட்டில் கற்க வேண்டிய இயந்திர அறிவு ஒன்று எல்லாவற்றுக்கும் அடித்தளம். கார்ட்டின் பின்னச்சு ஒரே தண்டு, இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் உட்புறப் பின்சக்கரம் தரையிலிருந்து சற்றே எழும்பினால்தான் கார்ட் திரும்பும். சேசிஸ் (சட்டகம்) அமைப்பில் செய்யும் பெரும்பாலான வேலை இந்தச் சக்கரம் எப்போது எழும்ப வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்பதைச் சுற்றியே நடக்கிறது. வளைவின் நடுவில் கார்ட் முன்னால் தள்ளிக்கொண்டு போனால் சக்கரம் எழும்பவில்லை என்று பொருள்: முன் சக்கர அகலத்தைக் கூட்டலாம், காஸ்டரைக் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வை) கூட்டலாம். வெளியேறும்போது கார்ட் துள்ளித் துள்ளிப் போனால் பிடிப்பு மிகையாகிவிட்டது: பின்புற அகலத்தைக் கூட்டுங்கள் (பெரிய கார்ட்டில் 140 செ.மீ. உச்சவரம்பு), அல்லது மென்மையான அச்சைப் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை மாற்றிவிட்டு வேகம் கூடினால், எதனால் கூடியது என்று யாருக்கும் தெரியாது.

இருக்கையின் இடம் முதல் நாளே சரியாக இருக்க வேண்டும். ஓட்டுநரோடு நான்கு சக்கரங்களையும் தராசில் வைத்தால் முன்னால் சுமார் 43 விழுக்காடு, பின்னால் 57 என்று வந்தால் நல்ல தொடக்கம். பிள்ளை ஒரு குளிர்காலத்தில் ஆறு செ.மீ. வளர்ந்துவிடும், மார்ச்சில் மறுபடி எடை போடாமல் "போன வருஷத்து செட்டப்" என்று ஓட்டினால் ஏப்ரல் முழுக்க டயரையும் இன்ஜினையும் பழிசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

டயர் காற்றழுத்தம்: உலர் டயருக்குக் குளிர்ந்த நிலையில் 0.6 பார் சுற்றித் தொடங்கி, டயர் வகைக்கும் தரையின் வெப்பத்துக்கும் ஏற்ப 0.05 பார் அளவில் நகருங்கள். அழுத்தம் கூடினால் டயர் விரைவில் சூடேறும், ஆனால் பந்தயத்தின் பின்பாதியில் வழுக்கும். தகுதிச் சுற்றுக்கும் இறுதிப் பந்தயத்துக்கும் ஒரே அழுத்தம் போடுவது தொடக்கநிலைத் தவறு. மழை டயருக்கு இதைவிட நன்றாகவே கூட்ட வேண்டும். இல்லையென்றால் ஈரத்தில் சூடே ஏறாது.

இன்ஜின் தண்ணீரின் வெப்பம் 50 முதல் 55 டிகிரிக்குள் நிற்க வேண்டும். குளிர்ந்த காலையில் ரேடியேட்டரின் மேல் டேப் ஒட்டுங்கள், சூடு ஏறியதும் இழுத்துப் பிய்த்துவிடும்படி. கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) காற்றின் அடர்த்திக்கேற்ப மாற வேண்டும். காலை எட்டு மணிக்குக் குளிரில் போட்டதைப் பார்த்து மதியம் பெரிய ஜெட் போட்டால் இன்ஜின் மூச்சுத் திணறும். மதியத்துச் சிறிய ஜெட்டோடு அடுத்த நாள் குளிர்காலையில் கிளம்பினால் கலவை மெலிந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது தவறுதான் விலையுயர்ந்தது. எண்ணெய்க் கலவை ரோட்டாக்ஸுக்கு 2 விழுக்காடு, ஓகே இன்ஜினுக்குப் பொதுவாக 4. ஒரே கேனை இரண்டுக்கும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று: முன்புற பிளாஸ்டிக் மூக்கு மோதலில் உள்ளே நழுவும்படி வைக்கப்பட்டிருக்கும். முடிவுக்கோட்டைத் தாண்டும்போது அது சரியான நிலையில் இல்லாவிட்டால் 5 விநாடி தண்டம். இரண்டாவதாக வந்த பிள்ளை பன்னிரண்டாவது ஆவது இப்படித்தான். முன்னால் போகிறவரின் பம்பரைத் தள்ளிக்கொண்டே போகும் பழக்கத்தைப் பத்து வயதிலேயே நிறுத்துவதற்கு இந்த விதியைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

பள்ளி

ஜெர்மனியில் பள்ளிக்குப் போவது சட்டப்படி கட்டாயம். வீட்டிலிருந்தே படிப்பது வழியல்ல. பந்தய வாரம் வியாழன் மாலையே தொடங்கிவிடுகிறது, வெள்ளிக்கிழமை பயிற்சிச் சுற்று. ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கும் பள்ளித் தலைமையிடம் விடுப்பு விண்ணப்பம் தேவை. பருவ அட்டவணை வெளியானவுடன் எல்லாத் தேதிகளையும் ஒரே கடிதத்தில் எழுதி, பந்தய அமைப்பின் சான்றோடு கொடுத்தால் பெரும்பாலும் கிடைக்கும். முந்தைய நாள் "காய்ச்சல்" என்று போன் செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மேடையில் கோப்பையோடு படம் போட்டால் அடுத்த முறை எதுவும் கிடைக்காது. ஃபெட்டல் ஃபார்முலா 3 ஓட்டிக்கொண்டே 2006-இல் பள்ளி இறுதித் தேர்வை முடித்தார். முடியாத காரியம் இல்லை.

பதினைந்து வயது: ஃபார்முலா 4

எஃப்ஐஏ விதிப்படி ஃபார்முலா 4-க்குக் குறைந்தபட்ச வயது 15. ஜெர்மனியில் தொடர் இல்லாததால் போகக்கூடிய இடங்கள் நான்கு. இத்தாலிய தொடர் மிகக் கடினமானது, மிகச் செலவானது. உலகின் நல்ல அணிகள் அங்கே இருக்கின்றன. ஸ்பெயின் தொடரும் ஏறக்குறைய அதே தரம். 2023-இல் தொடங்கிய மத்திய ஐரோப்பிய மண்டலத் தொடர் ஆஸ்திரியா, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா பக்கம் நடப்பதால் தெற்கு ஜெர்மனியிலிருந்து வண்டியிலேயே போய்வரலாம். பிரெஞ்சுத் தொடர் வேறுவிதம்: கார்களையெல்லாம் ஒரே அமைப்பு பராமரிக்கிறது, போட்டி அணிகள் கிடையாது. அப்பாவின் பணப்பை முடிவைத் தீர்மானிப்பது அங்கே குறைவு. காசு அளவாக இருந்து திறமையைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் பிரெஞ்சுத் தொடரைத்தான் முதலில் பார்க்கச் சொல்வோம்.

பருவச் செலவு பல லட்சம் யூரோ. எந்த அணியோடு பேசினாலும் மேற்கோளில் கட்டாயம் கேட்க வேண்டியவை: எத்தனை சோதனை நாட்கள், சோதனையில் எத்தனை செட் புதிய டயர், இன்ஜின் வாடகை சேர்ந்ததா, மோதல் செலவு யார் தலையில், பொறியாளர் உங்கள் பிள்ளைக்கு மட்டுமா அல்லது இரண்டு கார்களுக்கு ஒருவரா. கடைசிக் கேள்விக்கு மழுப்பல் பதில் வந்தால் வேறு அணி பாருங்கள்.

முதல் பந்தயத்துக்கு முன் குறைந்தது பத்து நாள் சோதனை வேண்டும். கார்ட்டிலிருந்து வருகிறவரின் கை கால்களில் ஊறிப்போன மூன்று பழக்கங்களை அழிக்க அவ்வளவு நாள் பிடிக்கும்.

முதலாவது ஸ்டீயரிங். கார்ட்டில் உட்சக்கரத்தை எழுப்ப வெடுக்கென்று திருப்பினோம். இரண்டாம் தலைமுறை ஃபார்முலா 4 காரில், உதாரணமாக சுமார் 180 குதிரைத்திறன் கொண்ட டட்டூஸ் டி-421-இல், அப்படித் திருப்பினால் முன் டயர் பிடிப்பை மீறி வழுக்கும், சூடேறும், மூன்றாவது சுற்றில் முன்பக்கம் செத்துவிடும். மெதுவாகத் தொடங்கி, எடை முன் டயருக்கு வந்த பிறகு முழுதாகத் திருப்ப வேண்டும்.

இரண்டாவது பிரேக், எல்லாவற்றையும்விட முக்கியம். ஓகே கார்ட்டில் பின்னச்சில் மட்டுமே பிரேக். பலமாக மிதித்தால் பூட்டிக்கொள்ளும். அதனால் பிள்ளைகள் தடவித் தடவி மிதிப்பார்கள். ஃபார்முலா காரில் நேர்மாறு. வேகம் அதிகமாக இருக்கும்போது இறக்கைகள் காரைத் தரையில் அழுத்துகின்றன, டயர் எவ்வளவு பிரேக்கையும் தாங்கும். வேகம் குறையக் குறைய அந்த அழுத்தமும் கரைகிறது. ஆகவே முதல் நொடியிலேயே உச்ச அழுத்தம், பிறகு வளைவின் உச்சிவரை சீராகத் தளர்த்திக்கொண்டே போவது. காரின் கணினி பதிவுசெய்யும் டேட்டாவில் பிரேக் அழுத்தக் கோடு செங்குத்தாக ஏறிச் சரிவாக இறங்க வேண்டும். தொடக்கநிலையாளரின் கோடு குன்றுபோல மெல்ல ஏறி, நடுவில் உச்சம் தொட்டு, திடீரென்று விழும். உச்சம் வரும் நேரத்தில் இறக்கை அழுத்தம் போய்விட்டிருப்பதால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பிள்ளை "பிரேக் சரியில்லை" என்று சொல்லும். பிரேக்கில் கோளாறு இல்லை.

மூன்றாவது, ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் தொடாமல் உருளும் இடைவெளி. ஒவ்வொரு வளைவிலும் கால் நொடி என்றால் பதினைந்து வளைவுள்ள டிராக்கில் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

டேட்டா பார்க்கும் முறை: வேகமான அணித்தோழரின் சுற்றை மேலே வைத்து, நேர வித்தியாசக் கோட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் அது எழும்புகிறதோ அந்த ஒரு வளைவு மட்டும். அதில் பிரேக் அழுத்தம், பிறகு குறைந்தபட்ச வேகம், பிறகு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்த புள்ளி, இந்த வரிசையில். ஒரு அமர்வுக்கு இரண்டு வளைவுக்கு மேல் திருத்தச் சொன்னால் எதுவும் திருந்தாது.

வீட்டில் சிமுலேட்டர் வைப்பதானால் திரையிலும் நகரும் மேடையிலும் காசைக் கொட்டாதீர்கள். அழுத்தத்தை அளக்கும் லோட்செல் பிரேக் பெடல்தான் முதல் செலவு; பெடல் நகரும் தூரத்தை அளக்கும் மலிவு வகை மேலே சொன்ன இரண்டாவது பழக்கத்தை இன்னும் கெடுக்கும். சிமுலேட்டரை மட்டமாக நினைக்கவும் வேண்டாம்: டிடிஎம் டிராஃபியை 2020-இலும் 2022-இலும் வென்ற டிம் ஹைனமன் கணினிப் பந்தயத்திலிருந்து எழுந்து வந்தவர்.

உடற்பயிற்சியில் கழுத்தும் முதுகும் முதலில். ஃபார்முலா 2 வரை பவர் ஸ்டீயரிங் கிடையாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தோளும் முன்கையும் தளர்ந்த ஓட்டுநர் பந்தயத்தின் கடைசி ஐந்து சுற்றில் கோட்டை விட்டு விலகுவார். அதை டயர் தேய்மானம் என்று தவறாக எழுதிவைப்பார்கள்.

இங்கே பிரியும் பாதை

ஃபார்முலா 4-இல் ஒன்றிரண்டு பருவம் முடிந்ததும் உட்கார்ந்து கணக்குப் போடும் நேரம். ஃபார்முலா 1 ஓட்டத் தேவையான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று பருவத்துக்குள் 40 புள்ளிகள் வேண்டும். வயது 18, 17-இல் எஃப்ஐஏ விதிவிலக்கு தரலாம். ஃபார்முலா 4 சாம்பியனுக்கு 12 புள்ளி, ஏழாம் இடத்துக்கு 1. ஐரோப்பிய ஃபார்முலா ரீஜனல் சாம்பியனுக்கு 25, ஃபார்முலா 3 சாம்பியனுக்கு 30, ஃபார்முலா 2-இல் முதல் மூவருக்கும் 40. கீழ்ப்படியில் சேர்த்துவைத்துப் பயனில்லை, மேல்படியில்தான் புள்ளி கொட்டுகிறது. மேல்படியில்தான் பணமும் கொட்ட வேண்டியிருக்கிறது.

மிக் ஷூமாக்கரின் பாதை முழு ஏணிக்கு உதாரணம்: 2016-இல் ஏடிஏசி ஃபார்முலா 4-இல் இரண்டாமிடம், 2018-இல் ஐரோப்பிய ஃபார்முலா 3 சாம்பியன், 2020-இல் ஃபார்முலா 2 சாம்பியன், 2021-இலும் 2022-இலும் ஹாஸ் அணியில் ஃபார்முலா 1. அந்தக் குடும்பப் பெயரும் ஃபெராரி பயிற்சிக்கூட ஆதரவும் இருந்தும் இரண்டே பருவம். பிறகு ஆல்பைனின் நெடும்பந்தயக் காருக்கும் அதன்பின் அமெரிக்காவின் இண்டிகாருக்கும் போனார். பாஸ்கல் வேர்லைன் 2015-இல் டிடிஎம் வென்று, 2016, 2017-இல் ஃபார்முலா 1 ஓட்டி, கடைசியில் 2024-இல் போர்ஷேவுக்காக ஃபார்முலா ஈ உலகச் சாம்பியன் ஆனார்.

எங்கள் அளவுகோல் இது. ஃபார்முலா 4-இன் இரண்டாவது பருவத்தில் முதல் மூன்றுக்குள் வராமலும், எந்தக் கார் நிறுவனமோ ரெட் புல் போன்ற இளையோர் திட்டமோ செலவை ஏற்காமலும் இருந்தால், சொந்தக் காசில் ஃபார்முலா 3-க்குப் போகாதீர்கள். அங்கே ஒரு பருவம் பத்து லட்சம் யூரோவைத் தாண்டிவிடும். அதே காசில் ஜிடி பக்கம் பல பருவம் ஓடலாம். அதற்குள் சம்பளமே தொடங்கிவிடக்கூடும். இதைத் தோல்வி என்று பிள்ளையிடம் சொல்லி வளர்த்திருந்தால் அது பெற்றோரின் பிழை.

ஜிடி பக்கம்

ரெனே ராஸ்டைப் பாருங்கள். ஃபார்முலா பிஎம்டபிள்யூ-வில் காசு தீர்ந்ததும் ஃபோக்ஸ்வாகன் போலோ கோப்பைக்கு இறங்கி 2005-இல் வென்றார். பிறகு போர்ஷே சூப்பர்கப்பை 2010 முதல் 2012 வரை மூன்று முறை வென்றார். டிடிஎம் பட்டம் 2017, 2019, 2020. இறங்கியதுபோலத் தெரிந்த படிதான் அவரை ஏற்றியது.

வழக்கமான வரிசை ஏடிஏசி ஜிடி4 ஜெர்மனி, அடுத்து கரேரா கப் அல்லது ஜிடி மாஸ்டர்ஸ், பிறகு டிடிஎம். ஜிடி4-இல் ஒரு காரை இருவர் பகிர்வார்கள், ஒரு மணி நேரப் பந்தயத்தில் நடுவே ஓட்டுநர் மாற்றம். துணை ஓட்டுநரைத் தேர்ந்தெடுப்பது அணியைத் தேர்ந்தெடுப்பதைவிட முக்கியம். இருக்கை, பெடல் தூரம் இருவருக்கும் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் விநாடிகள் போகும். கூரை போட்ட காரில் ஏபிஎஸ் இருக்கிறது என்று அதன் மேலேயே சாய்ந்து பிரேக் மிதிப்பது ஃபார்முலாவிலிருந்து வருகிறவர்களின் புதிய நோய்: நின்றுவிடும், ஆனால் டயர் பத்து சுற்றில் போய்விடும்.

கரேரா கப்பில் எல்லோருக்கும் ஒரே போர்ஷே 911. எந்த அணிக்காரரும் காரைக் குறைசொல்ல முடியாது என்பதால் கார் நிறுவனங்கள் அங்கே வந்து ஆள் பார்க்கின்றன. போர்ஷே ஜூனியர் திட்டம் 1990-களிலிருந்தே நடக்கிறது. லாரின் ஹைன்ரிஷ் 2022-இல் கரேரா கப் ஜெர்மனியை வென்று, 2024-இல் அமெரிக்காவின் ஐஎம்எஸ்ஏ நெடும்பந்தயத் தொடரில் ஜிடிடி புரோ பிரிவுப் பட்டத்தையும் எடுத்தார்.

நூர்பர்க்ரிங்கின் வடவளையம் தனி உலகம். 20.832 கி.மீ. நீளம். சாதாரண லைசென்ஸ் போதாது, டிஎம்எஸ்பி தரும் பெர்மிட் வேண்டும். முதலில் பெர்மிட் பி: பாடமும் பயிற்சியும் முடித்து, திறன் குறைந்த கார்களில் ஓட்டலாம். அதில் போதிய சுற்றுகளைச் சேதமில்லாமல் முடித்தவருக்குத்தான் பெர்மிட் ஏ. வலிமை மிகுந்த ஜிடி3 கார்கள் அதன் பிறகே. உலகச் சாம்பியன் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனும் 2025-இல் திறன் குறைத்த போர்ஷே கேமன் ஜிடி4-இல் ஓட்டித்தான் இதை வாங்கினார். சில வாரத்தில் ஃபெராரி ஜிடி3-இல் நான்கு மணி நேரப் பந்தயத்தை வென்றார். அங்கே கொடி விதிகளும் தனி: இரட்டை மஞ்சளில் மணிக்கு 120 கி.மீ. உச்சம், கோட் 60 பகுதியில் 60. ஜிபிஎஸ் பார்த்துக்கொண்டே இருக்கும். புதியவர்கள் சாலையை மனப்பாடம் செய்துவிட்டு, பின்னாலிருந்து வரும் வேகமான கார்களைப் பார்க்க மறக்கிறார்கள். கண்ணாடி பார்ப்பதை ஒவ்வொரு நேர்ச்சாலையின் தொடக்கத்திலும் பழக்கமாக்குங்கள்.

எஃப்ஐஏ ஓட்டுநர்களை ப்ரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்ட், பிளாட்டினம் என்று வகைப்படுத்துகிறது. பெரிய சாதனை இல்லாத, 30 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஓட்டுநர் பொதுவாக சில்வர். பல நெடும்பந்தயங்களில் ஒவ்வொரு காரிலும் சில்வரோ ப்ரான்ஸோ கட்டாயம் என்பதால், கோல்டுபோல் ஓட்டும் சில்வர் ஓட்டுநருக்குச் சந்தையில் கிராக்கி அதிகம். ஒரு பெரிய பட்டம் வென்று கோல்டுக்கு உயர்ந்ததும் இருக்கை பறிபோனவர்களும் உண்டு. எந்தத் தொடரில் வெற்றி பெற்றால் வகை மாறும் என்பதைப் பருவத் தொடக்கத்திலேயே விதியில் பாருங்கள். மாறப்போகிறது என்றால் அதற்கு முன்பே நிறுவன ஒப்பந்தப் பேச்சைத் தொடங்குங்கள்.

காசும் கையெழுத்தும்

ஸ்பான்சர் தேடுவோர் பெரிய கார் நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காலத்தைக் கழிப்பார்கள். உண்மையில் தருகிறவை சுற்றுவட்டாரத்து நடுத்தர நிறுவனங்கள்: கூரை போடுகிறவர், கருவி செய்கிறவர், லாரி நிறுவனம். அவர்களுக்குக் காரின் மேல் ஸ்டிக்கரைவிட, தங்கள் வாடிக்கையாளரைப் பந்தய நாளில் அழைத்துவந்து உட்கார வைக்கும் இடம்தான் வேண்டும். அதைக் கணக்கிட்டு விலை சொல்லுங்கள். விலைச்சீட்டில் 19 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி சேர வேண்டும். முந்தைய ஆண்டு வரவு 25,000 யூரோவைத் தாண்டாதவருக்கு மட்டும் சிறுதொழில் விலக்கு உண்டு. வரியை மறந்து ஒட்டுமொத்தத் தொகை பேசி, பிறகு அதிலிருந்தே 19-ஐக் கட்டியவர்கள் ஏராளம். திறமை தெரிந்த பிள்ளைக்கு ஏடிஏசி விளையாட்டு அறக்கட்டளையின் ஆதரவுக்கும் விண்ணப்பிக்கலாம். ஃபெட்டலும் ஹுல்கன்பெர்க்கும் அதன் ஆதரவு பெற்றவர்கள்.

மேலாளர் ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைத் தேடுங்கள். பங்கு 10 முதல் 20 விழுக்காடு என்பது வழக்கம். ஆனால் எதன் மேல்? பெற்றோர் கொண்டுவந்த ஸ்பான்சர் காசின் மேலும் பங்கு கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். அடுத்து காலம். 18 நிறைவுக்குப் பிறகும் ஓராண்டுக்கு மேல் பிள்ளையைக் கட்டிப்போடும் ஒப்பந்தத்துக்குக் குடும்ப நீதிமன்றத்தின் ஒப்புதல் தேவை. பத்தாண்டு ஒப்பந்தத்தைப் பெற்றோரே போட்டுவிடலாம் என்று நினைக்கிற மேலாளருக்கு இது தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

பருவ பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்கை மோதலுக்கென்று ஒதுக்கி, அதைப் புதிய டயருக்கு எடுக்காமல் இருங்கள். அணி ஒப்பந்தத்தில் சேதத்துக்கு உச்சவரம்பு எழுதச் சொல்லுங்கள். உதிரிபாக விலைப்பட்டியலை இணைப்பாகக் கேளுங்கள். இன்னொருவர் மோதினாலும் பில் பொதுவாக உங்களுக்கே வரும்.

காப்பீடு: ஜெர்மனியில் சாதாரண விபத்துக் காப்பீட்டில், உச்ச வேகத்தை எட்டும் மோட்டார் போட்டிகளில் ஓட்டுநராகக் கலந்துகொள்வது விலக்கு. லைசென்ஸோடு வரும் காப்பீட்டுத் தொகை நிரந்தர ஊனத்துக்குப் போதாது. 2006-இல் ஸ்பாவில் பறந்து வந்த சிதறல் ஃபெட்டலின் விரலை ஏறக்குறையத் துண்டித்தது. விரல் தைக்கப்பட்டு அவர் திரும்பினார், எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. தனிக் காப்பீடு எடுக்கும்போது பந்தயம் மட்டுமல்லாமல் தனியார் சோதனை நாள், பயிற்சிச் சுற்று, வெளிநாட்டு டிராக் ஆகிய மூன்றும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று விடுபட்டிருந்தாலும் திருத்திய பத்திரம் கைக்கு வரும்வரை முதல் சோதனை நாளைத் தள்ளிவையுங்கள்.